யப்பானிய வெந்நீரூற்றுக்குப் புறப்படுமுன்

நேயர்களே, திருகோணமலைக்குச் சென்ற உங்களிற் பலர் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைக் கண்டிருப்பீர்கள். ஏழு கிணறுகள், வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு, ஈர உடையோடு திரும்புவோம். அந்தப் பழக்கத்தோடு யப்பானிய வெந்நீரூற்றுக்குச் செல்பவர் முதல் நாளிலேயே தடுமாறிப்போவார்.

அங்கே குளத்தில் இறங்குவது அழுக்கைப் போக்குவதற்கன்று. அழுக்கைப் போக்கிய பின்னரே குளத்தில் இறங்குதல் வேண்டும். குளத்தருகே தாழ்ந்த ஆசனங்களும் நீர்க்குழாய்களும் இருக்கும். அங்கே அமர்ந்து, சவர்க்காரம் தேய்த்து, நுரை சிறிதும் எஞ்சாதவாறு கழுவிக்கொள்வார்கள். பலர் கூடியமரும் நீரல்லவா? நீண்ட கூந்தலை உயர்த்தி முடிந்துகொள்ளல் வேண்டும். கையிலுள்ள சிறு துவாயும் நீரிற் படலாகாது. அதனை மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வோரும் உளர்.

இனிக் கூறப்போவது சற்றுக் கூச்சமான செய்தி. ஆயினும் கூறாது விடுவது முறையன்று. பெரும்பாலான ஊற்றுக்குளங்களில் உடையின்றியே நீராடுவர். ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் பெரும்பாலும் வெவ்வேறு குளங்கள், வாயிற்றிரையில் எழுதியிருக்கும். சில விடுதிகளில் இரு குளங்களையும் நாளுக்கு நாள் மாற்றிவிடுவார்கள். ஆகவே, நேற்றுப் புகுந்த வாயிலென்று இன்றும் எண்ணிப் புகுந்துவிடாதீர்கள்! பயணப்பெட்டியை அடுக்குவதினும் இதற்கு மனத்தை ஆயத்தப்படுத்துவதே நம்மவர்க்குப் பெரும்பாடு. இயலாதவர் வெட்கப்பட வேண்டியதில்லை. குடும்பத்தினர் மட்டும் நீராடத் தனிக்குளத்தைக் குறித்த நேரத்துக்கு வாடகைக்குத் தரும் விடுதிகள் பல உண்டு. உடலிற் பச்சை குத்தியவர்களை அனுமதியாத இடங்களும் உள, முன்னரே விசாரித்துக்கொள்க.

ஊற்றுக்கு ஊற்று நீரின் குணம் வேறுபடும். குசாத்சு என்னும் மலையூரில் நீர் 50 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட சூட்டோடு பொங்குகிறது. தண்ணீர் கலந்தால் அதன் சத்துக் குன்றுமென்று, நீண்ட பலகைகளாற் கிளறியே அதனை ஆற்றுவது அவ்வூர் வழக்கம். அந்நீர் தேசிக்காய்ச் சாற்றை ஒத்த அமிலத்தன்மை உடையது. கண்ணிற் படவிடலாகாது, மென்மையான தோலுடையோர் பின்னர் நன்னீரால் உடலைக் கழுவுதல் நன்று. வெள்ளி மெட்டி அணிந்த பெண்கள் அதனைக் கழற்றிவைப்பதே நலம். கந்தகம் கலந்த நீரில் வெள்ளி கறுத்துப்போகும்.

வயது முதிர்ந்த பெற்றோரை அழைத்துச் செல்வோர் கேளுங்கள். குளத்து நீர் பெரும்பாலும் 40 முதல் 42 பாகை வரை சூடுள்ளது. அச்சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் தாழும். சடுதியாக எழுந்தால் மயக்கம் வரும். மாரிகாலத்திற் குளிர்ந்த அறையிலே உடை களைந்து, உடனே வெந்நீரில் இறங்கி உயிரிழந்த முதியோர் யப்பானியரிலேயே பலர். இருதய நோயாளரும், இரத்த அழுத்தம் உடையோரும், கருவுற்றோரும் புறப்படுமுன்னரே வைத்தியரைக் கேட்டறிதல் அவசியம். மது அருந்தியபின்னும், வயிறு நிறைய உண்டவுடனும் இறங்கவே கூடாது. முதலிற் பாதத்திலும், பின் முழங்காலிலும், பின் தோளிலுமாக நீரை மொண்டு ஊற்றி, உடலைச் சூட்டுக்குப் பழக்குங்கள். முதல் முறைக்கு ஐந்து நிமிடம் போதும்.

கரையேறியதும் நடக்கத் தொடங்காது, சற்று அமர்ந்து தண்ணீர் அருந்துங்கள். சில இடங்களிற் கண்ணாடிப் போத்தலிற் குளிர்ந்த பாலும் விற்பார்கள். அதனையும் குடித்துப் பார்க்கலாம்.