இரு படங்களும் ஒரு மலைச்சாரலும்

மத்திய மலைநாடு வடக்கே தாழ்ந்து சமவெளியோடு கலக்கும் எல்லையில் உள்ளது கலேவெல. குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குச் செல்வோர்க்கு அது வழியில் வரும் ஓர் ஊர். ஆயின், அப்பகுதியின் பழைய இடவிளக்கப்படத்தையும் புதியதையும் அருகருகே விரிப்பவர்க்கு அதுவே நிலத்தின் வரலாற்று ஏடாகும்.

1800ஆம் ஆண்டில் தோன்றிய இலங்கை நில அளவைத் திணைக்களம், முன்னர் ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கிப் படம் வரைந்தது. பின்னர் வந்த படங்களில் ஒரு கிலோமீற்றர் இரண்டு சென்ரிமீற்றராயிற்று. ஆகவே, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொணர்ந்து, மாறாத மலையுச்சிகளைப் பொருத்திய பின்னரே ஒப்பிடல் வேண்டும்.

1976இல் பொல்கொல்லையில் மகாவலி நீர் திருப்பப்பட்டது. அந்நீரை ஏற்கும் போவத்தென்ன நீர்த்தேக்கம் கலேவெலவுக்குத் தென்கிழக்கே அமைந்தது. அதன்பொருட்டு நாலந்தா கெடிகே என்னும் பண்டைக் கற்கட்டடம் கல் கல்லாகக் கழற்றப்பட்டு, 1980இல் வேறிடத்தில் மீண்டும் எழுந்தது. அது முன்பு நின்ற நிலத்தைக் காண விழைவோர் பழைய படத்தையே நாடுதல் வேண்டும். இரு படங்களுள் எதுவும் பொய்யன்று. ஒவ்வொன்றும் தன் காலத்துச் சான்று.

எனினும், வேறுபாடெல்லாம் மாற்றமன்று. அளவையாளர் நுழையாத காட்டில் ஓடையொன்று விடுபட்டிருக்கலாம். படத்தின் வெற்றிடம் நிலத்தின் வெறுமையன்று. ஊர் முதியோரின் நினைவோடு ஒத்துப் பார்த்தே முடிவு கூறல் தகும்.

கைவிடப்பட்ட குளத்தின் கட்டு, பழைய படத்தில் சிறியதொரு வளைகோடுதான். அதனை அறியாது குளத்தின் பள்ளத்தில் வீடு கட்டுபவர், பெருமழையில் அதன் பொருளை உணர்வர். நிலத்தில் கால் வைக்குமுன் படத்தில் கண் வைத்தல் நன்று.