இருதயம் ஏன் படபடக்கிறது?



கல்வராயன் மலைமேல் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் பயிலும் பெண் ஒருத்தியை நினைத்துக் கொள்ளுங்கள். வகுப்பில் அமைதியாக அமர்ந்திருக்கிறாள். ஓடவில்லை, அஞ்சவுமில்லை. திடீரென்று நெஞ்சு படபடவென அடித்துக் கொள்கிறது. ஆசிரியை அவளைப் பேருந்தில் ஏற்றி, மலைப்பாதையின் வளைவுகளையெல்லாம் கடந்து கள்ளக்குறிச்சிக்கு அழைத்து வருகிறார். மருத்துவமனையை அடைவதற்குள் துடிப்பு அடங்கிப் போயிற்று! இ.சி.ஜி. என்னும் இருதய மின்வரைபடத்திலும் குறையொன்றும் இல்லை. "பரீட்சைப் பயம்" என்கிறார் ஒருவர். "காத்துக் கருப்பு" என்கிறார் பாட்டியார். காரணம் தெரியாத நோய் என்ற பெயரும் வந்துவிடுகிறது. உண்மையில் அது கைக்கு அகப்படாமல் தப்பிய நோயாக இருக்கலாம்.

ஓய்வில் இருக்கும் இளைஞரின் இருதயம் பொதுவாக நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிக்கும். அச்சம், காய்ச்சல், தைராய்டுச் சுரப்பின் மிகுதி, இரத்தசோகை ஆகியவை அதனை விரைவுபடுத்தும். இரத்தசோகையை எளிதாக எண்ணலாகாது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவின் 15 முதல் 19 வயதுப் பெண்களுள் நூற்றுக்கு 59 பேரிடம் அது காணப்பட்டது. இவற்றால் எழும் துடிப்பு பெரும்பாலும் மெல்ல ஏறி மெல்ல இறங்கும்.

சட்டெனத் தொடங்கிச் சட்டென நிற்பது வேறு வகை. இருதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்னுந்தல் செல்ல இயல்பாக ஒரே வழிதான் உண்டு. சிலருக்குப் பிறவியிலேயே குறுக்கு வழியொன்றும் அமைந்துவிடுகிறது. உந்தல் ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறிச் செக்குமாடு போலச் சுற்றத் தொடங்கினால், துடிப்பு 200-ஐயும் தாண்டலாம். உல்ஃப், பார்க்கின்சன், ஒயிட் என்னும் மூன்று மருத்துவர்கள், நலமுள்ள இளைஞர்களிடம் கண்ட இத்தகைய படபடப்பை மின்வரைபடத்தின் ஒரு தனிக் குறியோடு சேர்த்து 1930-இல் விவரித்தனர். துடிப்பு அடங்கிய பின்னரும் அக்குறி சிலரிடம் தெரியும், சிலரிடம் தெரியாது. இன்று இரத்தக் குழாய் வழியே நுண்குழலைச் செலுத்தி அக்குறுக்கு வழியைச் சுட்டு அடைத்துவிடுகிறார்கள். பெரும்பாலோர்க்கு நோய் மீளுவதில்லை.

ஆனால் முதலில் நோய் பிடிபட வேண்டுமே! அதற்கு உதவக்கூடியவள் பக்கத்து இருக்கைத் தோழிதான். மணிக்கட்டில் விரல் வைத்து, கடிகாரம் பார்த்து, ஒரு நிமிடம் எண்ணட்டும். எண்ண இயலாத வேகமாயின் அதனையே எழுதட்டும். தொடங்கிய நேரம், நின்ற நேரம், சட்டென வந்ததா, மெல்ல வந்ததா என்பவற்றையும் குறிக்கட்டும். அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் கருவி இருப்பின், துடிப்பு அடங்குமுன் அங்கேயே வரைபடம் எடுத்துவிடுவது நலம். மயக்கமோ நெஞ்சுவலியோ கண்டால், ஓடியாடும்பொழுது வந்தால், குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தால், எண்ணிக் கொண்டிராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

மற்ற வேளைகளில் அந்தச் சீட்டை மறவாமல் மருத்துவரிடம் கொடுங்கள். அவர் கேட்கப்போகும் முதற் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது.