எபிசோட் 41: கரிசல்ல 22 சதவீதம்னா என்ன?

போன எபிசோட்ல டேட்டாபேஸ் பத்தி பேசினோம். இன்னைக்கு மண்ணு. என் ஸ்கிரிப்ட் ஒண்ணு எங்க வீட்டுக்கு மூணு ஏக்கர் உளுந்து விதையை நஷ்டமாக்கின கதை.

நான் சாத்தூர்க்காரன், வேலை பெங்களூர்ல. ஊர்ல எங்களுக்கு மானாவாரிக் கரிசல் காடு இருக்கு. கிணறு கிடையாது, வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் புரட்டாசி, ஐப்பசில விதைப்போம். மழை கம்மி, காத்து காய்ஞ்சதுங்கிறதாலதான் இந்தப் பக்கம் தீப்பெட்டியும் பட்டாசும் வேர் பிடிச்சதுன்னு சொல்வாங்க. அந்தத் தொழிலுக்கு வரமா இருக்கிறது விவசாயத்துக்குச் சாபம்.

ரெண்டு வருஷம் முன்னாடி நாசாவோட ஸ்மாப் செயற்கைக்கோள் டேட்டாவை எடுத்து ஒரு கிராஃப் போட்டேன். 2015 ஜனவரில ஏவினது. மண்ணுல இருந்து வர்ற மைக்ரோவேவ் கதிர்வீச்சை அளக்குது. தண்ணியோட மின்தன்மை காய்ஞ்ச மண்ணைவிட ரொம்ப வேற. அதனால ஈரம் கூடக்கூட அந்தக் கதிர்வீச்சு குறையும், அதை வச்சுக் கணக்குப் போடுறாங்க. நிஜமாவே அழகான இன்ஜினியரிங்.

புரட்டாசி கடைசில ஒரு மழை. கிராஃப்ல 22 சதவீதம். அதுக்கு முந்தின வருஷம் அதே தேதியில 15. உடனே ஊருக்கு போன் போட்டேன்.

"அய்யா, ஈரம் நல்லா இருக்கு, விதைச்சிரலாம்."

"ஒரு உழவு மழைகூட இல்லையேய்யா. இன்னொரு மழை பாப்போம்."

"சாட்டிலைட்லயே தெரியுதுய்யா."

படிச்ச பையன் சொல்றான்னு விதைச்சாரு. பாதிதான் முளைச்சது. அப்புறம் 16 நாள் மழை இல்ல. முளைச்சதும் கருகிருச்சு. மறுவிதைப்புக்கு அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல போட்டிருந்த சீட்டை எடுத்தாங்க. நான் பணம் அனுப்புறேன்னு சொன்னதுக்கு, "நீ அந்தக் கம்ப்யூட்டரை மூடுனாப் போதும்"னாங்க.

எங்க தப்பு? மூணு இடத்துல. ஒண்ணு, ஸ்மாப் நேரடியா பாக்கிறது மேல இருக்கிற அஞ்சு சென்டிமீட்டரைத்தான். அதுக்குக் கீழ கோடை வெடிப்பு இன்னும் மூடவே இல்ல. ரெண்டு, நான் எடுத்த டேட்டால ஒரு கட்டம் 9 கிலோமீட்டர். அதுக்குள்ள சாத்தூர் டவுன், வைப்பாத்து மணல், கண்மாய், எங்க காடு எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு நம்பர்.

மூணாவதுதான் முக்கியம். 22 சதவீதம்னா மணல்ல செடி சுகமா குடிக்கும். களி நிறைஞ்ச கரிசல்ல அதே 22 கிட்டத்தட்ட வாடல் நிலை. கரிசலோட துளைகள் அவ்வளவு நுண்ணிசு. தண்ணியை இறுக்கிப் பிடிச்சுக்கும், வேர் இழுத்தாலும் விடாது. தண்ணி இருக்கும், ஆனா செடிக்கு இல்ல. அய்யா கேட்ட "எத்தனை உழவு மழை" இதைத்தான் அளக்குது: ஏர் இறங்குற ஆழத்துக்கு நனைஞ்சிருக்கா? என் கிராஃப்ல அந்த அச்சே இல்ல.

இதையே உலக அளவுல பாருங்க. 2025 மார்ச்ல சயின்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, சியோல் தேசியப் பல்கலைக்கழக விஞ்ஞானி தலைமையில. 2000-லிருந்து 2002-க்குள்ள உலக நிலங்கள் இழந்த மண் ஈரம் சுமார் 1,614 கிகாடன், அதாவது 1.6 லட்சம் கோடி டன். ஒப்பிட, 2002–2006ல கிரீன்லாந்து இழந்த பனி சுமார் 900 கிகாடன். அப்புறம் 2016 வரைக்கும் இன்னொரு ஆயிரம் கிகாடன் போயிருக்கு, திரும்பி வரல. ஈரக் கணக்கு மாடல்ல இருந்து வந்ததுதான், ஆனா அதைக் கடல்மட்ட உயர்வோடயும் பூமியோட சுழல் அச்சு நகர்ந்ததோடயும் ஒத்துப் பாத்திருக்காங்க. மண்ணுல இருந்த தண்ணி கடலுக்குப் போனா பூமியோட எடை இடம் மாறும், அச்சு லேசா நகரும். இதைப் படிச்சப்போ லேப்டாப்பை மூடிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

காரணம் மழை குறைஞ்சது மட்டும் இல்ல. ஒரு டிகிரி சூடு கூடினா காத்து சுமார் 7 சதவீதம் கூடுதலா நீராவியைத் தாங்கும். அந்தக் காத்து மண்ணை உறிஞ்சுது. மண்ணு காய்ஞ்சா, ஆவியாக்கச் செலவாக வேண்டிய வெயில் காத்தைச் சுட வைக்கும். சூடு ஏறி, மண்ணு இன்னும் காயும். முடிவே இல்லாத லூப்.

எங்க காட்டுல இதோட விளைவு கண்ணுக்கே தெரியும். வெடிப்பு விழும்போது மேலாக ஓடுற புல் வேரெல்லாம் அறுந்துபோகும். ஆழமா வேர் விடுற சீமைக்கருவேலம் நிக்கும். அப்புறம் ஆட்டுக்கு மேய்ச்சல் இல்ல, தரிசு முழுக்க முள்ளு.

2025 ஜூலை 30 ஸ்ரீஹரிகோட்டால இருந்து நிசார் போயிருக்கு, இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செஞ்சது. 12 நாளுக்கு ஒரு தடவை, ஸ்மாப்பைவிட ரொம்ப நுணுக்கமா பாக்கும். ஆனா அதுவும் மேல்மண்ணைத்தான் பாக்கும்.

இப்ப ஸ்கிரிப்ட்ல ஒரு புது காலம் இருக்கு, பேரு "உழவு". அதை நான் நிரப்புறதில்ல. அய்யா கடப்பாரையைக் குத்திப் பாத்து, மண்ணை உருட்டிப் பாத்து, வாட்ஸப்ல வாய்ஸ் நோட் போடுவாரு. போன வாரம் வந்தது: "முக்கா உழவு. இப்ப வேண்டாம்யா."