சிமென்ட் இல்லாத சுவர்

நம்ம ஏற்காட்டு மழை உங்களுக்குத் தெரியும். குழுக் கடன் வாங்கி, வீட்டுக்குப் பின்னாடி சரிவுல நான் கட்டின சிமென்ட் சுவர் ஒரே ஐப்பசி மழையில சாஞ்சுடுச்சு. தண்ணி வெளியேற ஓட்டை விடல. ஊறின மண்ணு தள்ளிடுச்சு. கடன் மட்டும் நின்னுச்சு.

அப்புறம்தான் காப்பித் தோட்டத்துக் கல்லடுக்கை நின்னு பார்த்தேன். நானும் மாமியாருமா அதே மாதிரி அடுக்கினோம். ஒரு அடி வாணம் தோண்டி, பெரிய கல் அடியில. ரெண்டு கல் சேர்ற இடத்து மேல மூணாவது கல் உட்காரணும். இடையிடையே நீளக் கல்லோட வால் மண்ணுக்குள்ள போகணும். சுவர் மேட்டுப் பக்கமா லேசா சாயணும். முதுகுப் பக்கம் சல்லி. இடுப்பு உயரம் போதும். என் கட்டைவிரல் நசுங்கினது தனிக் கதை.

இப்ப மழையில கல் இடுக்கு வழியா தண்ணி கசியுது, மண்ணு நிக்குது. பழைய கடன்ல இன்னும் மூணு தவணை பாக்கி.