கோமாரி வந்தால் அரசு என்ன செய்யலாம், நாம் என்ன செய்யணும்?



"மாடு என்னுது, கயிறு என்னுது. சந்தைக்கு ஓட்டக் கூடாதுன்னு சொல்ல நீங்க யாரு சார்?" வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்து ஊர்களில் இந்தக் கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கோபத்தில் கேட்டாலும் நியாயமான கேள்விதான். இன்றைக்கு அதற்குப் பதில் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

சாதாரண நாளில் உங்கள் மாட்டை நீங்கள் விற்கலாம், வாங்கலாம், எங்கே வேண்டுமானாலும் ஓட்டிப் போகலாம். தொற்று நோய் வந்துவிட்டால் மட்டும் அந்த உரிமையை அரசு கொஞ்ச காலத்துக்குக் கட்டி வைக்கலாம். இது நேற்று முளைத்த அதிகாரம் இல்லை. 1866-லேயே சென்னை ராஜதானியில் கால்நடை நோய்ச் சட்டம் வந்துவிட்டது. பிறகு 1940-ல் வெக்கை நோய்க்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். வெக்கை என்றால் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு தெருவில் நுழைந்தால் தொழுவம் தொழுவமாகக் காலி செய்துவிட்டுப் போகும். நமக்குப் பக்கத்தில் ராணிப்பேட்டையில் இருக்கிறதே கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம், அது 1932-ல் தொடங்கியதே இந்த வெக்கையை எதிர்க்கத்தான். இந்தியாவில் கடைசியாக வெக்கை கண்டது 1995-ல், அதுவும் நம் தமிழ்நாட்டில்தான். 2006-ல் இந்தியாவிலும் 2011-ல் உலகம் முழுவதிலும் வெக்கை ஒழிந்தது என்று அறிவித்தார்கள். மனிதருக்கு வந்த பெரியம்மைக்கு அடுத்தபடி பூமியை விட்டே துரத்தப்பட்ட நோய் இது ஒன்றுதான். ஊசி போட்டது பாதி வேலை என்றால், நோய் கண்ட ஊரிலிருந்து மாடு நகராமல் பார்த்துக்கொண்டது மீதிப் பாதி.

இப்போது நடைமுறையில் இருப்பது 2009-ஆம் வருஷத்து மத்திய சட்டம். கால்நடைகளுக்கு வரும் தொற்று நோய்களைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் வந்தது. கோமாரி, அடைப்பான், ஆட்டுக்கொள்ளை நோய், பறவைக் காய்ச்சல் எல்லாம் இதன் பட்டியலில் உண்டு. நம் பக்கத்துக்கு முக்கியமானது கோமாரி என்பதால் அதையே வைத்துச் சொல்கிறேன்.

ஐயம்பேட்டையிலோ முத்தியால்பேட்டையிலோ ஒரு நெசவாளர் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தறி, பின்கட்டில் கடன் வாங்கிப் பிடித்த ஒரு கலப்பினப் பசு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு போட முடியாது, தறிக்குழியும் ஈரம். அந்த இரண்டு மாதம் அடுப்பு எரிவது சொசைட்டிக்கு ஊற்றும் பால் பணத்தில்தான். அந்தச் சமயம் பார்த்துப் பசு தீனி எடுக்கவில்லை. வாயில் எச்சில் நூலாக ஒழுகுகிறது, நாக்கிலும் குளம்பு இடுக்கிலும் கொப்புளம். இனி என்ன செய்வது?

சட்டம் சொல்லும் முதல் வேலை தகவல். மாட்டுக்காரர் கிராம நிர்வாக அலுவலரிடமோ ஊராட்சியிடமோ சொல்ல வேண்டும். அவர்கள் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிப்பார்கள். நேராகக் கால்நடை மருந்தகத்துக்கே போய்ச் சொன்னால் இன்னும் நல்லது. 1962 என்ற எண்ணுக்குப் போன் போட்டாலும் வண்டி வரும். இரண்டாவது வேலை, நோய் கண்ட மாட்டைத் தனியே கட்டுவது. பொது மேய்ச்சலுக்கு விடக் கூடாது. ஏரி, குளம், பொதுத் தொட்டி எதிலும் தண்ணீர் காட்டக் கூடாது. இது தனி வீட்டுக்கு மட்டும் இல்லை, கோயில் கோசாலைக்கும் உண்டு. நம் ஊரில் அகத்திக்கீரைக் கட்டோடு வரும் பக்தர் ஒரு பசுவின் வாயில் ஊட்டிய கையோடு அடுத்த பசுவுக்கும் ஊட்டுவார். புண்ணியம்தான், ஆனால் நோய்க் காலத்தில் அந்தக் கைதான் எச்சிலைச் சுமந்து போகிறது.

மூன்றாவதுதான் நீங்கள் கோபப்படும் இடம். நோய் பரவுகிறது என்று தெரிந்தால் அரசு ஒரு பகுதியைக் 'கட்டுப்பாட்டுப் பகுதி' என்று அறிவிக்கலாம். உள்ளூர்ப் பத்திரிகையில் தமிழில் போட வேண்டும், பறையடித்தும் சொல்ல வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2022-ல் தண்டோரா வேண்டாம் என்று அரசு சொல்லிவிட்டதால் இப்போது ஆட்டோவில் மைக் கட்டி வருவார்கள். அறிவிப்பு வந்தபின் அந்த இன மாடுகளை இருக்கும் இடத்தை விட்டு நகர்த்தக் கூடாது. ஊசி போட ஓட்டிப் போகலாம். முறையாக ஊசி போட்டதற்கான சான்றிதழும் அடையாளமும் இருந்தாலும் போகலாம். சந்தை, கண்காட்சி நிறுத்தப்படும். வழியில் சோதனைச் சாவடி போடலாம், மாட்டை இறக்கிப் பார்க்கலாம், வண்டியைக் கழுவச் சொல்லலாம். கால்நடை மருத்துவர் உங்கள் கொட்டகைக்குள் வந்து பார்க்கவும் அதிகாரம் உண்டு.

2013 கடைசியில் கர்நாடகத்திலும் நம் மாநிலத்திலும் கோமாரி கடுமையாக வந்தபோது பல இடங்களில் மாட்டுச் சந்தை நின்றது. 2022-ல் வடக்கே தோல் கழலை நோய் வந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் செத்தன. அப்போது மகாராஷ்டிரம் முழு மாநிலத்தையுமே கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்தது.

ஏன் இவ்வளவு கெடுபிடி? கோமாரிக் கிருமி கொப்புளம் தெரிவதற்கு முன்னாலேயே எச்சிலிலும் பாலிலும் வெளியே வர ஆரம்பித்துவிடுகிறது. நல்ல மாடு என்று நம்பி ஓட்டிய மாடே நோயைக் கொண்டுபோகும். நோய் தெரிந்தபின் 'வந்த விலைக்குத் தள்ளிவிடு' என்று தரகர் சொல்வதைக் கேட்டு, செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்கு ஏற்றி அனுப்பினால் என்ன ஆகும்? அங்கே நான்கு மாவட்டத்து மாடு பக்கத்தில் நிற்கும். நோய் கண்ட மாட்டைச் சந்தைக்குக் கொண்டுவருவதே குற்றம். அபராதம் பெரிய தொகை இல்லை, அதை நான் மறைக்கவில்லை. இவ்வளவு பெரிய நஷ்டத்துக்கு இவ்வளவு சின்ன அபராதமா என்று எனக்கே தோன்றுவது உண்டு.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பறவைக் காய்ச்சலுக்காகக் கோழிகளை அரசே அழித்தால் இழப்பீடு உண்டு. மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி கொடுக்கின்றன. கோமாரியில் பால் குறைந்ததற்கும், சந்தை மூடியதால் விற்க முடியாமல் போனதற்கும் இந்தச் சட்டத்தில் பணம் இல்லை. அதனால்தான் ஆட்கள் நோயை மறைக்கிறார்கள். சொசைட்டியில் பால் வாங்க மாட்டார்களோ, கடன் தவணை நின்றுவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தைச் சட்டம் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை என்பது என் சொந்த அபிப்பிராயம். மாடு செத்தால் கைகொடுப்பது காப்பீடு ஒன்றுதான். மானியத்தோடு கிடைக்கிறது, காதில் வில்லை இருக்க வேண்டும். பன்னிரண்டு இலக்க எண் போட்ட அந்த மஞ்சள் வில்லையைப் 'பசுவுக்கு அழகு கெடுது' என்று கழற்றிப் போடாதீர்கள், அம்மா.

ஒரு ஆறுதல், நம் நாட்டில் கோமாரிக்காக ஊர் மாடுகளைக் கூண்டோடு கொல்வதில்லை. இங்கிலாந்தில் 2001-ல் கோமாரி வந்தபோது அறுபது லட்சத்துக்கும் மேல் மாடு, ஆடு, பன்றிகளைக் கொன்று தீர்த்தார்கள். நமக்கு ஊசிதான் வழி. 2019 முதல் தேசியத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் இலவசமாகப் போடுகிறார்கள். நாலு மாதம் கடந்த கன்றிலிருந்து ஆரம்பிக்கணும். ஊசி போட்ட இரண்டு மூன்று நாள் பால் கொஞ்சம் குறையலாம், லேசாகக் காய்ச்சல் வரலாம். அந்த இரண்டு படி பாலுக்காக ஊசிக்காரர் வரும்போது மாட்டை வயலுக்கு ஓட்டிவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நோய் வந்த வீட்டில் பினாயிலை நம்பாதீர்கள். கோமாரிக் கிருமிக்குச் சலவைச் சோடா நன்றாகக் கேட்கும். பத்து லிட்டர் தண்ணீருக்கு நானூறு கிராம் கரைத்து, கொட்டகைத் தரை, தீவனத் தொட்டி, பால் கேன் வைக்கும் இடம், சைக்கிள் டயர் எல்லாம் கழுவுங்கள். நோய் மாட்டைக் கவனித்த ஆள் நல்ல மாட்டண்டை போகக் கூடாது. வேறு வழியில்லை என்றால் நல்ல மாட்டுக்கு முதலில் வேலை முடித்துவிட்டு நோய் மாட்டுக்குக் கடைசியில் போகணும். வாய்ப்புண்ணுக்குச் சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பூண்டு அரைத்து வெல்லமும் தேங்காய்த் துருவலும் சேர்த்து உருட்டி நாக்கில் தடவும் கைவைத்தியம் உண்டு. மருத்துவர் வரும் வரை அதைச் செய்யலாம்.

மாடு இறந்துவிட்டால் பாலாற்று மணலிலோ ஏரிக்கரையிலோ போட்டுவிட்டு வராதீர்கள். தொற்று நோயில் செத்த உடலை நீர்நிலையில் போடுவதற்குச் சட்டத்தில் தனியாகவே தண்டனை இருக்கிறது. சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்கணும். திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் கருத்த ரத்தம் வந்திருந்தால் அது அடைப்பானாக இருக்கலாம். அந்த உடலைத் தோலுக்காகக்கூட அறுக்கக் கூடாது. அடைப்பான் மனிதருக்கும் ஒட்டும், அதன் கிருமி மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். மருத்துவர் வந்து பார்க்கும் வரை நாய், காக்கை அண்டாமல் ஓர் ஆளைக் காவல் வையுங்கள்.