விளக்குக்கு வாங்கியது உயிரைக் குடிக்கலாமா?

(தாசேக் கெலுகோர் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கிலும் செபராங் பிறையிலும் அடித்த புயல்மழையை நாம் மறக்கவில்லை. அத்தகைய இரவுக்கென்றே பணம் போட்டுப் பொதுவில் பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்குகிறோம்.

மழைக்குப் பயந்து அதை அஞ்சடியில் வைத்து ஓட்டாதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாடையில்லை. தூங்குபவர் எழவே மாட்டார். வீட்டுக்கு 20 அடி தள்ளி, தனிக் கூரையின் கீழ், புகைக்குழாயை அப்புறம் திருப்பி வைப்போம். சூடு ஆறாமல் பெட்ரோல் ஊற்ற வேண்டாம்.

வீட்டுச் சுவர்ப் பிளக்கில் அதன் வயரைச் செருகவே கூடாது. மின்சாரம் வெளிக்கம்பியில் ஏறி, பழுதுபார்க்க வந்தவரைக் கொல்லும். அவரும் நம்மைப்போல் தொழிலாளிதான்!

மழை விட்டதும் மூலையில் தள்ளிவிடுகிறோம். பழைய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைத்துவிடும். பால் உறைந்த மங்கைப் பார்த்த நமக்கு இது தெரியாததா? ஆகவே டாங்கியை வடித்து, மிச்சம் தீரும்வரை ஓட்டி நிறுத்துவோம். மழைக்காலத்துக்கு முன் எஞ்சின் எண்ணெய் பார்த்து, புதுப் பெட்ரோல் ஊற்றி ஓட்டிப் பார்ப்போம். பெட்ரோல் ஆவி தரையோடு பரவும். அடுப்பும் சாமி விளக்கும் இல்லாத கொட்டகையில், இறுக மூடிய டின்னில் வைப்போம்.

பொதுச் சொத்து என்பது யாரும் பாராத சொத்து அல்ல. இன்றே இருவரைப் பொறுப்பாளராக நியமிப்போம்.