லயத்து நாய்களும் நாடாப்புழுவும்



விசர்நாய்க்கடி என்றால் பயந்து ஊசிக்கு ஓடுகிறோம். நாடாப்புழு கடிப்பதில்லை, அதனால் நம் லயங்களில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

நாயின் பின்புறத்தில் அரிசிமணி போல ஒட்டியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது தெள்ளுப்பூச்சியால் பரவும் நாடாப்புழுவின் துண்டு. நாயோடு விளையாடும் பிள்ளை தெள்ளை விழுங்கினால் பிள்ளைக்கும் வரும், மருந்தில் போய்விடும்.

மோசமானது இன்னொன்று. அரை அங்குலமும் இல்லாத புழு. கெடா வெட்டும்போது நீர்க்கட்டியுள்ள ஈரலை, நுரையீரலை நாய்க்கு எறிகிறோமே, அங்கேதான் தொடங்குகிறது. நாயின் மலத்தில் வரும் முட்டை மரக்கறிப் பாத்திக்கும் பீலித் தண்ணீருக்கும் போய், கையோடு நம் வாய்க்குள் வருகிறது. நம் ஈரலில் கட்டி வளரப் பல வருடமாகும். தெரியவரும்போது ஆபரேஷன் வரை போகலாம்.

கட்டியுள்ள ஈரலை எறியாமல் ஆழமாகப் புதைப்போம். வளர்ப்பு நாய்க்கு மிருக வைத்தியரிடம் கேட்டுப் பூச்சி மருந்து கொடுப்போம். கை கழுவச் சொல்வது சுலபம். பீலியில் தண்ணீர் வர வேண்டாமா? லயத்துக்குத் தண்ணீர், மூடிய குப்பைக் குழி, கட்டாக்காலி நாய்களுக்கு மருந்து என்று நிர்வாகத்திடமும் சுகாதார வைத்திய அதிகாரியிடமும் கேட்கப் போகிறோம். தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்குத் தாய்மார் கட்டாயம் வாருங்கள்.